ஆறிப்போன வெந்நீர்க் கிணறு

அத்தியாயம் 3

முன்பின் தெரியாதவர்களின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன அனுபவம் பேச்சிராஜுக்கு நிறைய உண்டு. பூசணிக்காயை வைத்துக்கொண்டு காரில் போவது இதுதான் முதல் தடவை. குழந்தையாவது நடுவழியில் தூங்கிவிடும். இது ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் வயிற்றில் முட்டியது.

பின்சீட்டில் அவனுக்கு வலப்பக்கம் ஒரு மூட்டை பொரி, இடப்பக்கம் இரண்டு வாழைக்கன்று, காலடியில் ஒரு கூடை எலுமிச்சம்பழம். எல்லாம் ஆயுத பூஜைக்கு வாங்கி மிஞ்சியவை. மிஞ்சியது பேச்சிராஜும்தான் என்பது போல அவனையும் அவற்றோடு அடைத்திருந்தார்கள்.

முன்சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தவள் அவனுடைய முதலாளி செந்தாமரை. ஒரகடம் கூட்டுரோட்டில் பிரியாணிக் கடை மாடியில் 'தாமரை துப்பறியும் நிலையம்' நடத்துகிறவள். பிறந்து வளர்ந்தது மணிமங்கலம். மாப்பிள்ளை சொல்லும் சம்பளம் நிஜமா, வேலைக்கு வருகிறவன் காட்டும் சர்டிபிகேட் நிஜமா என்று விசாரித்துச் சொல்வதில்தான் நிலையத்தின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

காரை ஓட்டியவர் சிவசங்கர். 'பாதாள் அக்வா டெக்' கம்பெனியின் முதலாளி. நெற்றியில் விபூதிப் பட்டை, அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். எந்தச் சாமிக்கும் மனக்குறை வைக்காத நெற்றி.

"சார், இதை டிக்கியில வைக்கலாமுல்லா?" என்றான் பேச்சிராஜ்.

"டிக்கி லாக் ரிப்பேர் தம்பி. திறக்க வராது."

"பூசணிக்காய்க்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல சார். என் வயித்துக்குத்தான்."

சிவசங்கர் சிரிக்கவில்லை. செந்தாமரை பக்கம் திரும்பி விஷயத்தை ஆரம்பித்தார்.

"நம்ம காலுக்குக் கீழ ஒரு வெந்நீர் ஏரி இருக்கு மேடம். பாறைக்குள்ள, ரொம்ப ஆழத்துல. கம்ப்யூட்டர் மாடல் போட்டுக் கண்டுபிடிச்சிருக்கோம். பூமியோட சூட்டை வெச்சே அந்தத் தண்ணியை ஆவியாக்கி, ஆற வெச்சுப் பிடிச்சா சுத்தமான குடிதண்ணி. கரண்ட் செலவே கிடையாது. இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற அத்தனை கம்பெனித் தொழிலாளர் ஹாஸ்டலுக்கும் முப்பது வருஷம் சப்ளை பண்ணலாம்."

"முப்பது வருஷம்னு யாரு சொன்னது?" என்றாள் செந்தாமரை.

"மாடல் சொல்லுது மேடம்."

"எங்க ஹாஸ்டல் வார்டன் நாளைக்குத் தண்ணி வருமான்னு கேட்டாலே சாமியத்தான் கையக் காட்டுவாரு" என்றான் பேச்சிராஜ்.

"சோதனைக் கிணறு ரெடி. அதோட அடியில ஒரு சென்சார் தொங்குது. தண்ணி எவ்வளவு சூடுன்னு அதுதான் சொல்லும். இன்னிக்கு அதிகாரிங்க வந்து பார்த்து அனுமதி தர்றதா இருந்தது. ஆயுத பூஜை அன்னிக்கு ராத்திரி யாரோ அந்தச் சென்சாரைத் திருடிட்டாங்க. போலீஸ் கம்ப்ளெயின்ட் நகல் கொடுத்தா சோதனையை ஒரு வாரம் தள்ளி வெக்கிறேங்கறாங்க." சிவசங்கர் ஹாரன் அடித்து ஒரு மாட்டை ஒதுக்கினார். "அன்னிக்கு ராத்திரி அங்க இருந்தது வாட்ச்மேன் மாரிராஜ் ஒருத்தன்தான். உங்க நிலையத்திலேர்ந்து ஒரு விசாரணை அறிக்கை கொடுத்தீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷன்ல முடிச்சிடுவாங்க."

பேச்சிராஜ் பூசணிக்காயை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மாரிராஜ் அவன் ஊர்க்காரன். சங்கரன்கோவிலில் அடுத்த தெரு. இந்த வாட்ச்மேன் வேலையை வாங்கிக் கொடுத்ததே பேச்சிராஜ்தான். வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் கம்பெனி கம்பெனியாக அலைந்த பையனுக்கு, போன வாரம்தான் கார் கம்பெனியில் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பெயரில் ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால் அந்த ஆர்டரை மடித்துக் காது குடையத்தான் பயன்படுத்தலாம்.

"மாரிராஜ் நல்ல பையன்னு போன வருஷம் உங்களுக்கு எளுதிக் குடுத்ததே எங்க நெலயம்தான சார்?" என்றாள் செந்தாமரை.

"மனுஷன் மாறிடறான் மேடம்."

செந்தாமரை டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி என்பது ஒரு தகரக் கொட்டகையும், ஒரு அறை ஆபீஸும், சுற்றிலும் மதிலும்தான். வாசலில் உடைந்த பூசணிக்காய் குங்குமச் சிவப்போடு காய்ந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. வாரம் முழுக்கக் கரியைக் கக்கும் அதன் புகைபோக்கி இன்று சும்மா நின்றது.

வாசலில் போலீஸ் ஜீப். எஸ்.ஐ. ரகு பானெட்டில் இலையை விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பின் பின்பக்கம் மாரிராஜ், கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்சிராஜைப் பார்த்ததும் எழுந்து, எழலாமா கூடாதா என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பேச்சிராஜுக்கு மனசு கேட்கவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்தார்கள். சிவசங்கர் எதையும் விடவில்லை. மோட்டாருக்குப் பொட்டு, கேட்டுக்குப் பொட்டு, சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டருக்கும் பொட்டு. கிணற்று வாயின் மேல் ஒரு வின்ச் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழன்று கேபிளை இறக்கும், ஏற்றும். இப்போது கேபிள் முழுவதும் உருளையில் சுற்றிக் கிடந்தது. நுனியில் வெறும் கொக்கி.

பேச்சிராஜ் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினான்.

"கைய வெக்காத!"

அவன் கையை எடுத்து, பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செந்தாமரை குனிந்தாள். வின்ச்சில் இருந்த பொட்டு மற்றதைவிடப் பெரியது. உள்ளங்கை அகலச் சந்தனம், நடுவில் குங்குமம். பாதி உருளையின் விளிம்பில், பாதி அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில். காய்ந்து கெட்டியாகி இருந்தது.

"பொட்டு யார் வெச்சது சார்?"

"நான்தான் மேடம். எங்கப்பா காலத்துப் பழக்கம். தொழில் கருவிக்கு முதலாளி கையாலதான் வெக்கணும்."

"அப்ப சென்சாரு உள்ளதான இருந்துச்சு?"

"உள்ள அடி ஆழத்துல தொங்கிட்டிருந்தது. கற்பூரம் காட்டிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில வந்து பார்த்தா, இப்படி மேல சுத்தி எடுத்து, கழட்டிட்டுப் போயிருக்கான்."

"ரொம்ப பக்தி சார் உங்களுக்கு" என்றாள் செந்தாமரை. அது பாராட்டு மாதிரிதான் இருந்தது. சிவசங்கர் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

எஸ்.ஐ. இரண்டாவது ரவுண்டு சட்னிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பேச்சிராஜ் ஜீப்பின் பின்பக்கம் ஏறி மாரிராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏலே, எதையோ மறைக்க. மூஞ்சியிலயே தெரியுது. எங்கிட்டயாவது சொல்லு."

"அண்ணே, சிரிக்கக் கூடாது."

"போலீஸ் ஜீப்புல உக்காந்துகிட்டு எவம்லே சிரிப்பான்?"

"குளிச்சேண்ணே."

பேச்சிராஜ் காத்திருந்தான். அவ்வளவுதான் போலிருந்தது. "அது குத்தம்னா நம்ம ஹாஸ்டல்ல பாதிப்பேரு நிரபராதி. மேல சொல்லு."

"கிணத்து மோட்டாரப் போடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காரு. நான் வந்த நாள்லேர்ந்து திருட்டுத்தனமா போட்டுக் குளிப்பேன். வெந்நீ பாருங்க, ஆசை. கைய வைக்க முடியாது, பச்சத்தண்ணி ஊத்தி வெளாவித்தான் குளிக்கணும். பூஜைக்கு மறுநாள் விடியக்காலம் போட்டேன். பச்சத்தண்ணியா வருது! நடுங்கிட்டேன். கிணத்துல நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு பயந்து போச்சு. அதான் போலீசு கேக்கையில முழிச்சேன்."

"சென்சார எடுத்தியா?"

"அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுண்ணே."

பேச்சிராஜ் இறங்கி நேராகச் செந்தாமரையிடம் போய் ஒப்பித்தான். அவள் கேட்டுவிட்டு வாய்க்குள் ஒரு எலுமிச்சம்பழ மிட்டாயைப் போட்டாள். அவனுக்கு உயிர் வந்தது. ஏதாவது பிடிபட்டால்தான் அவள் மிட்டாய் போடுவாள்.

"மாடல் போட்ட பொண்ணு எங்க?"

சுகப்பிரியா ஆபீஸ் அறையில் இருந்தாள். நிலத்தடி நீர் படித்தவள். பூஜை விடுமுறைக்குக் கோவில்பட்டி போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டருக்கும் பொட்டு உண்டு. திரையில் பூமியின் குறுக்குவெட்டுப் படம். மேலே நீலம், கீழே போகப் போகப் பச்சை, மஞ்சள், அடியில் அகலமாக ஒரு சிவப்பு.

"இதுதான் அந்த வெந்நீர் ஏரியா?" என்றான் பேச்சிராஜ். "பாத்தா மிளகாச் சட்னி மாதிரில்லா இருக்கு."

"யாரும் கண்ணால பார்த்ததில்ல" என்றாள் சுகப்பிரியா. "பாறையில எங்க விரிசல் இருக்கு, தண்ணி எப்படி ஓடும், சூடு எங்கிருந்து வருதுன்னு நாமதான் மாடலுக்குச் சொல்லணும். அது கணக்குப் போட்டு, இப்ப இப்படி இருக்கும், முப்பது வருஷம் கழிச்சு இப்படி இருக்கும்னு படம் காட்டும். சென்சார் தர்ற நிஜ அளவோட படம் ஒத்துப்போச்சுன்னா மாடல் சரின்னு எடுத்துக்குவோம்."

"சூடு எங்கிருந்து வருதுன்னு சொன்னீங்க?"

"கீழேர்ந்து. சார் அப்படித்தான் சொல்லச் சொன்னார்."

"ஒத்துப்போச்சா?"

அவள் தயங்கினாள். "திங்கக்கிழமை அளவுகள் மட்டும் ஒத்துவராது. சூடு குறைச்சலா காட்டும். சென்சார் கோளாறு, தூக்கிப் போடுன்னு சார் சொன்னார். ஒண்ணு ரெண்டு அளவு விலகிப் போறது சகஜம்தான், அதனால நானும்..."

செந்தாமரை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். "அந்தப் பொகபோக்கி இன்னிக்கி ஏன் சும்மா கீது?"

"பக்கத்து கம்பெனி பூஜைக்கு முந்தின நாளே மூடினது. திங்கக்கிழமைதான் திறப்பாங்க."

"மத்த வாரம்?"

"ஞாயித்துக்கிழமை வார லீ..." சுகப்பிரியாவின் கை மவுசின் மேல் அப்படியே நின்றது.

"பூமிக்கு அடியில எரியிற நெருப்புக்கு வார லீவு உண்டாம்மா?" என்றாள் செந்தாமரை.

"ஆயுத பூஜைக்கு லீவு குடுத்த பூமிய நான் பாத்ததே இல்ல" என்றான் பேச்சிராஜ். "முந்தி நான் இருந்த கம்பெனியில லைன் சூப்பர்வைசரே குடுக்க மாட்டாரு."

"பேச்சி, மதில் மேல ஏறு."

ஏறி நிற்க முதலில் காரிலிருந்த பொரி மூட்டை. அது போதவில்லை. அதன்மேல் பூசணிக்காய். இந்த வழக்கில் பூசணிக்காய் தன்னைவிட அதிகமாக உழைப்பதாகப் பேச்சிராஜுக்குப் பட்டது. எட்டிப் பார்த்தான். வார்ப்புப் பட்டறையின் கொல்லையிலிருந்து தடிமனான ஒரு இரும்புக் குழாய் மதிலோரம் வந்து, கைவிட்ட பழைய போர்வெல் ஒன்றின் வாயில் தலைகீழாக இறங்கியிருந்தது. போர்வெல்லைச் சுற்றி மண் கறுத்து, எண்ணெய்ப் படலம் காய்ந்து கிடந்தது. வார்ப்பைக் குளிரவைத்த கொதிநீரை வெளியே விட்டால் பிடித்துக்கொள்வார்கள். அதனால் பூமிக்குள் விடுகிறார்கள். ஊருக்குள் குப்பையைப் பக்கத்து வீட்டு மனையில் தள்ளுவோம் இல்லையா, அதே முறை, கொஞ்சம் ஆழமாக.

அவன் வந்து சொன்னதும் சுகப்பிரியா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். சூட்டைக் கீழேயிருந்து எடுத்தாள். மதிலோரப் போர்வெல்லில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் அதை அணைத்தாள். தூக்கிப்போட்ட திங்கட்கிழமை அளவுகளைத் திரும்பக் கொண்டுவந்தாள். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அகலமான சிவப்பு சுருங்கிச் சுருங்கி மதிலுக்கு அடியில் ஒரு கறை மாதிரி ஒதுங்கியது. எல்லா அளவுகளும் படத்தின் மேல் பிசகாமல் உட்கார்ந்தன.

"இதுதான் சரியான மாடல்" என்றாள் அவள். முகம் வெளுத்திருந்தது. "அடியில ஏரியே இல்ல. பட்டறைக் கழிவுதான் விரிசல் வழியா நம்ம கிணத்துக்கு வருது. இதையா அத்தனை ஹாஸ்டலுக்கும் குடிக்கக் கொடுக்க இருந்தோம்?"

"நீங்க இருக்கலம்மா. ஒருத்தர்தான் இருந்தாரு" என்றாள் செந்தாமரை. "அதிகாரிங்களுக்குப் போன் போட்டு இன்னிக்கே வரச் சொல்லுங்க. தண்ணி ஆறிக்கினு கீறப்பவே வந்து தொட்டுப் பாக்கட்டும். திங்கக்கிழம வரைக்கும் வுட்டா மறுபடியும் சுட்டுடும்."

வெளியே சிவசங்கர் எஸ்.ஐ.யிடம் கம்ப்ளெயின்டை நீட்டிக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. கைகழுவிவிட்டுத் துண்டு தேடினார்.

"இன்னா மேடம், ஆள இட்டுனு கெளம்பலாமா?" என்றார் ரகு.

"தாராளமா. எந்த ஆளுன்றதுதான் பாக்கி."

செந்தாமரை எல்லோரையும் கொட்டகைக்குள் கூட்டிப்போய் வின்ச் முன்னால் நிறுத்தினாள்.

"சார் பொட்டு வெக்கறப்ப சென்சாரு கெணத்து அடியில இருந்துச்சாம். அப்பால திருடன் வந்து, இந்த உருளைய நூத்துக்கணக்குல சுத்தி மேல எடுத்தானாம். பொட்டப் பாருங்க. பாதி சுத்துற உருளையில, பாதி சுத்தாத சட்டத்துல. உருளை ஒரு நூல் நவுந்திருந்தாலும் சந்தனம் வெடிச்சிருக்கும். ஒரு கீறல் காட்டுங்க."

எஸ்.ஐ. மூக்கு சந்தனத்தில் படும் அளவுக்குக் குனிந்தார். கீறல் இல்லை.

"சென்சார மேல எடுத்தப்புறம்தான் பொட்டு வெச்சிருக்காங்க" என்றாள் செந்தாமரை.

"எனக்கென்ன மேடம் தேவை?" சிவசங்கரின் குரல் உயர்ந்தது. "என் கிணறு, என் சென்சார். நானே எதுக்குத் திருடணும்?"

"பக்கத்துப் பட்டறைக்கு லீவு. கெணறு ஆறிப் போச்சு. இன்னிக்கி சோதனைன்னா குட்டு ஒடஞ்சிடும். சென்சாரக் காணோம்னா ஒரு வாரம் தள்ளிப் போவும். பட்டறை தெறந்து, தண்ணி சுட்டப்புறம், அதுவும் எங்கியாவது கெடைக்கும். இத்தினிக்கும் நடுவுல அந்தப் பையன் கம்பி எண்ணிக்கினு இருப்பான்."

"ஆதாரம் இருக்கா? சென்சார் எங்க?"

செந்தாமரை பேச்சிராஜைத் திரும்பிப் பார்த்தாள். "பேச்சி, வழியெல்லாம் பூசணிக்காய ஏன் மடியில வெச்சினு வந்த?"

பேச்சிராஜுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. வயிறு முழுக்க ஆதாரத்தை வாங்கிக்கொண்டு வந்தும், மண்டைக்கு அது ஏறவில்லை. "டிக்கி ரிப்பேருக்கா" என்றான் மெதுவாக.

எஸ்.ஐ. கையை நீட்டினார். சிவசங்கர் சாவியைக் கொடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில், டிக்கியை ரிப்பேரே செய்துவிடலாம். சாவியைப் போட்டதும் டிக்கி வெண்ணெய் மாதிரி திறந்துகொண்டது.

உள்ளே ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் செட். ஒவ்வொன்றுக்கும் பொட்டு. நடுவில் மஞ்சள் துணியில் சுற்றி முழங்கை நீளத்துக்கு ஏதோ ஒன்று. எஸ்.ஐ. துணியை விலக்கினார். பளபளவென்று எஃகுக் குழாய்.

"அவன்தான் வெச்சிருக்கான்!" சிவசங்கர் ஜீப்பைக் காட்டிக் கத்தினார். "என்னை மாட்டிவிட அவன்தான் திருடி என் வண்டியில வெச்சிருக்கான்!"

செந்தாமரை சென்சாரைத் துணியோடு வாங்கி, மெல்லத் திருப்பிக் காட்டினாள். எஃகின் மேல் வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம். பக்கத்தில் வாடிய துளி கதம்பம், நூலால் அக்கறையாகக் கட்டியிருந்தது.

"திருடன் திருடின பொருளுக்குப் பூஜை போட மாட்டான் சார். சொந்தக்காரன்தான் போடுவான்."

சிவசங்கர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் இறங்கிப் போயிருந்தது.

"ஆயுத பூஜை அன்னிக்கு" என்றார் கடைசியில், "அதை மட்டும் எப்படி மேடம் சும்மா விடறது?"

எஸ்.ஐ. ரகு கம்ப்ளெயின்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப் பக்கம் கையசைத்தார். "எறங்குப்பா. வேற ஆளுக்கு எடம் வேணும்."

மாரிராஜ் இறங்கினான். பேச்சிராஜ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். பேச்சிராஜுக்குக் கண் கலங்கியது. மதில் ஏறியபோது தூசி விழுந்ததாகச் சொல்லலாம் என்று பார்த்தான், யாரும் கேட்கவில்லை. பூசணிக்காயைக் கொண்டுவந்து மாரிராஜின் தலையை மூன்று தரம் சுற்றி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வாசலில் போட்டு உடைத்தான். அது நன்றாக உடைந்தது.

"திங்கக்கிழம வேலைக்குச் சேருலே" என்றான். "கார் கம்பெனியில ஹீட்டர்லயே வெந்நீ வரும்."

மாரிராஜ் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் ஆபீஸ் வாசலில் நின்ற சுகப்பிரியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"என்னக்கா, கிணத்துத் தண்ணி என்ன தண்ணின்னு சொல்லுதாக?"

சுகப்பிரியா சொன்னாள். மறைக்காமல் முழுவதும் சொன்னாள்.

மாரிராஜ் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பேச்சிராஜ் பக்கம் திரும்பினான்.

"அடுப்பு கேஸ் மிச்சமாகுதேன்னு, வந்த நாள்லேர்ந்து அந்தத் தண்ணியிலதான்ணே சோறு வடிச்சேன்" என்றான்.

பேச்சிராஜ் அவன் கையைப் பிடித்து ஜீப் பக்கம் இழுத்தான்.

செந்தாமரை ஜீப் கதவைத் திரும்பத் திறந்து, மாரிராஜின் முதுகில் கையை வைத்தாள். "ஏறிக்கப்பா" என்றாள். "எஸ்.ஐ. சார், ஸ்டேஷனுக்கு அப்பால போலாம். ஜீப்ப மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வுடுங்க."